தொடர் மருத்துவக் கல்வி (சி.எம்.இ.) நடத்துகிறவர்களுக்கான இலவச ஆன்லைன் மாநாடு: ராமநாதபுரம் பக்கம் மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்தால் பயன்படுமா?

மண்டபம்_முகாம்:

எல்லாருக்கும் வணக்கம். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று வருடமாக சி.எம்.இ. ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். மதுரையிலிருந்து பேச்சாளரை வரவழைப்பது, ஹால் பிடிப்பது, டாக்டர்களுக்குக் கணக்கில் ஏறுகிற கிரெடிட் பாயிண்டுக்கு மெடிக்கல் கவுன்சிலுக்கு எழுதுவது, வருகைப் பதிவேடு, சாப்பாடு, சான்றிதழ் எல்லாம் என் பொறுப்பு. இந்த வேலையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு ஃபைலைக் கொடுத்துவிட்டுப் போனார், அதைப் புரட்டிப் புரட்டி நானாகப் பழகிக்கொண்டதுதான்.

போன வாரம் ஒரு கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேடம் ஒருவர், அமெரிக்காவில் சி.எம்.இ. பலூசா என்று ஒரு ஆன்லைன் மாநாடு 2014-லிருந்து நடக்கிறது, காசு கிடையாது, வசந்த காலத்தில் ஒன்று இலையுதிர் காலத்தில் ஒன்று என்று நடத்துகிறார்கள், அது டாக்டர்களுக்கான மாநாடு இல்லை, டாக்டர்களுக்கு வகுப்பு ஏற்பாடு செய்கிற நம்மைப் போன்ற ஆட்களுக்கானது என்றார். இந்த வேலைக்கென்று ஒரு மாநாடு இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இங்கே யாராவது பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்கக்காரர்கள் பேசுவது நம் ஊர் மருத்துவமனைக்கு ஒத்துவருமா? பாயிண்ட் ஏதாவது கிடைக்குமா, கிடைக்காவிட்டால் நிர்வாகத்திடம் என்ன சொல்லி அந்த நேரத்தை வாங்குவது? எனக்கு இரண்டு பிள்ளைகள், சாயங்காலம் வீட்டில் அடுப்படி வேலை இருக்கும், அதனால் நேரமும் முக்கியம்.

நான் ஏன் இவ்வளவு கேட்கிறேன் என்றால், மனதில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. போன வருடம் கடல் உயிரினங்கள் கொட்டுவது, கடிப்பது பற்றி ஒரு வகுப்பு வைத்தோம். நல்ல பேச்சாளர், ஹால் நிறைந்தது, கருத்துப் படிவத்தில் எல்லாரும் மிக நன்று என்று டிக் அடித்திருந்தார்கள். நானும் சந்தோஷமாக ஃபைலை மூடினேன். ஒரு மாதம் கழித்து பாம்பன் தெற்குவாடியிலிருந்து ஒரு அண்ணனை இரவு பத்தரைக்குக் கொண்டுவந்தார்கள். கரையில் வலையைப் பிரிக்கும்போது திருக்கை முள் கணுக்காலில் ஏறிவிட்டது. வேலை முடியத் தாமதமானதால் நானும் அங்கேதான் இருந்தேன். டி.டி. ஊசியும் வலி ஊசியும் போட்டு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். திருக்கை முள் ஏறினால் வெந்நீரில் வைக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தோம், ஆனால் யாரும் அவர் காலை வெந்நீரில் வைக்கவில்லை. அன்று டியூட்டியில் இருந்த சிஸ்டர் அந்த வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர்.

அப்படியென்றால் நான் நடத்திய வகுப்பு எதற்கு? இந்தக் கேள்விக்கு அந்த மாநாட்டில் பதில் கிடைக்குமென்றால் ராத்திரி முழுக்க உட்காரவும் தயார்.


தொண்டி_வைத்தியர்:

தங்கச்சி, கட்டாயம் பாருங்கள். நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். எங்கள் சங்கக் கிளையில் சி.எம்.இ. பொறுப்பு என்னிடம் இருந்தபோது ஒரு நண்பர் சொல்லித்தான் எனக்கும் தெரியும்.

முதலில் நேரம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30. இது மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரைக்கும்தான், ஏனென்றால் அங்கே அந்த மாதங்களில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கிறார்கள். மற்ற மாதங்களில் அதே 9 மணி நமக்கு 7.30 ஆகிவிடும். நான் ஒரு வெபினாருக்கு இந்தக் கணக்குத் தெரியாமல் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தேன். எல்லா அமர்வையும் நேரலையில் பார்க்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை, பதிவை அவர்களே தளத்தில் போட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் தூங்கின பிறகு பார்க்கலாம். ஆனால் ஒன்றையாவது நேரலையில் பாருங்கள், கேள்வி எழுதி அனுப்பினால் பேசுகிறவர்கள் எடுத்துப் பதில் சொல்வார்கள்.

பாயிண்ட் விஷயத்தை ஆரம்பத்திலேயே மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். இங்கே ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரம் சி.எம்.இ. முடிக்க வேண்டும் என்பது 2002-ல் வந்த மருத்துவ நெறிமுறை விதிகளில் இருக்கிறது, அது பதிவு பெற்ற டாக்டர்களுக்கு. நீங்கள் டாக்டர் இல்லை, அதனால் உங்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம். டாக்டர்கள் யாராவது உங்களோடு உட்கார்ந்து பார்த்தாலும், தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சியாக இருந்தால்தான் இங்கே கணக்கில் வரும். வெளிநாட்டுச் சான்றிதழை நீட்டினால் தானாக ஏறிவிடாது. நிர்வாகத்திடம் பாயிண்டைக் காட்டி அனுமதி கேட்காதீர்கள், அந்தத் திருக்கை முள் கதையைச் சொல்லிக் கேளுங்கள்.

நம் ஊருக்கு ஒத்துவருமா என்றால், பாதி ஒத்துவராது. அவர்களுடைய அங்கீகார அமைப்பு ஏ.சி.சி.எம்.இ., 1981-ல் தொடங்கியது, அதன் விதிகளையும் படிவங்களையும் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். அது உங்களுக்கு வேண்டாம், அந்த இடத்தில் எழுந்து போய்க் குழம்பைக் கிண்டிவிட்டு வரலாம். ஒரு வகுப்பை எப்படித் திட்டமிடுவது, முடிந்த பிறகு என்ன மாறியது என்று எப்படிப் பார்ப்பது, சும்மா பேச்சாகக் கொடுக்காமல் எப்படிச் செய்ய வைப்பது என்று வரும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அது தொண்டிக்கும் ஒன்றுதான், சிகாகோவுக்கும் ஒன்றுதான்.


பாம்பன்_பையன்:

நெட் பற்றி மட்டும் சொல்கிறேன். காற்றுக் காலத்தில் மண்டபத்திலும் தீவிலும் கரன்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, ரூட்டரை நம்பாதீர்கள். போனில் முழு சார்ஜ் வைத்துக்கொண்டு ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பில் பாருங்கள், படத்தின் தரத்தை 360-க்கு இறக்கினால் போதும், அங்கே ஸ்லைடும் பேசுகிற முகமும்தான் வரப்போகிறது. பதிவாகப் பார்க்கும்போது ஆங்கில வசனவரியைப் போட்டு வேகத்தை 0.75-க்கு வையுங்கள், அவர்கள் உச்சரிப்பு பத்து நிமிடத்தில் பழகிவிடும். தானாகத் தமிழில் மொழிபெயர்த்துக் காட்டுகிற வசதியை மட்டும் போடாதீர்கள், மருத்துவச் சொற்களைக் கன்னாபின்னாவென்று மாற்றிவிடுகிறது.


கீழக்கரை_சிஸ்டர்:

நான் இருபத்திரண்டு வருடம் வார்டில் இருந்துவிட்டு இப்போது நர்சிங் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் அந்த அண்ணனைப் பற்றி எழுதினீர்கள், எனக்கு அந்த சிஸ்டர்தான் கண்ணில் நிற்கிறார். முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்த பெண் ஏன் செய்யவில்லை? அவரிடம் கேட்டீர்களா? மேலிடத்தில் சொல்லித் திட்டு வாங்கி வைக்கிற மாதிரி இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து, உனக்கு என்னம்மா இடைஞ்சல் என்று.

நீங்கள் பார்க்கப்போகிற மாநாட்டில் மூர் என்ற பெயர் கட்டாயம் காதில் விழும். டொனால்ட் மூரும் அவரோடு இருந்தவர்களும் 2009-ல் எழுதியது. ஒரு வகுப்பின் பலனை ஏழு படியாகப் பிரித்தார்கள். வந்தார்களா என்பது முதல் படி. பிடித்திருந்ததா என்பது இரண்டாவது. தெரிந்துகொண்டார்களா, செய்து காட்டச் சொன்னால் காட்டுவார்களா, அப்புறம் வேலை செய்கிற இடத்தில் உண்மையாகவே செய்கிறார்களா, அதனால் நோயாளிக்குச் சுகமாகிறதா, கடைசியில் ஊருக்கே ஆரோக்கியம் கூடுகிறதா. உங்கள் வருகைப் பதிவேடு முதல் படி. மிக நன்று என்ற டிக் இரண்டாவது படி. நம் ஊரில் முக்கால்வாசி சி.எம்.இ. அந்த இரண்டாவது படியில் சாப்பாட்டோடு முடிந்துவிடுகிறது. அந்த அண்ணன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஐந்தாவது படியில். இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை, அதற்கான வழியைத்தான் அந்த மாநாட்டில் தேட வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். தெரியாததால் செய்யாமல் இருப்பது வேறு, தெரிந்தும் முடியாததால் செய்யாமல் இருப்பது வேறு. முதலாவதற்கு வகுப்பு வைக்கலாம். இரண்டாவதற்கு வகுப்பு மேல் வகுப்பாக வைத்தாலும் ஒன்றும் நடக்காது, அந்தப் பிள்ளைகளுக்குக் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். போய்க் கேட்டுவிட்டு வந்து இங்கே எழுதுங்கள்.


மண்டபம்_முகாம்:

அக்கா, கேட்டேன். நேற்று நைட் டியூட்டிக்கு வந்தபோது டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துக் கேட்டேன். எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறார். தாங்குகிற சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், 30-லிருந்து 90 நிமிடம் காலை முக்கி வைக்க வேண்டும், சூடு சரியா என்று நோயாளியின் அடிபட்ட காலை வைத்துப் பார்க்கக் கூடாது, வலியிலும் மரத்துப்போகப் போட்ட ஊசியிலும் சூடு தெரியாமல் வெந்துவிடும், அடிபடாத காலிலோ நம் கையிலோதான் பார்க்க வேண்டும், முள்ளின் துண்டு உள்ளே இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒப்பித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்புறம் சொன்னார்: "மேடம், வெந்நீர் கேன்டீனில் இருக்கிறது. கேன்டீன் ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மாடியில் சோலார் தண்ணீர் பத்து மணிக்கெல்லாம் ஆறிப்போகும். கேஷுவாலிட்டியில் கெட்டில் கிடையாது, தண்ணீர்ச் சூடு பார்க்கத் தெர்மாமீட்டர் கிடையாது. இருக்கிறது ஒரே வாளி, அது தரை துடைக்கிற வாளி. திறந்த புண்ணோடு வந்தவரை அதிலா காலை வைக்கச் சொல்வேன்?"

மூன்று வருடமாக அந்த கேஷுவாலிட்டி வாசலைத் தாண்டித்தான் நான் தினமும் என் அறைக்குப் போகிறேன். உள்ளே எத்தனை வாளி இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

நேற்று ராத்திரியே அந்த மாநாட்டின் பழைய பதிவு ஒன்றைப் பார்த்தேன். முக்கால் மணி நேரத்தில் பாதி புரிந்தது. ஒரு வகுப்பைத் திட்டமிடுமுன் அந்த வேலையைச் செய்கிறவர்களிடம் போய், எது தடுக்கிறது என்று கேளுங்கள் என்று ஒருவர் சொன்னபோது அக்கா இங்கே எழுதியதுதான் ஞாபகம் வந்தது.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. அடுத்த வகுப்புக்கு ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் ஹால், சாப்பாடு எல்லாம் தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார், பேச்சாளரை மட்டும் தாங்கள் சொல்கிறவராகப் போடச் சொல்கிறார். இதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது, ஃபைலிலும் அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பதிவிலும் இதைப் பற்றி நிறையப் பேசினார்கள், ஆனால் எனக்குப் பிடிபடவில்லை.


தொண்டி_வைத்தியர்:

அந்த சிஸ்டருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எக்ஸ்ரே வரைக்கும் நினைவில் வைத்திருக்கிறாரே, உங்கள் வகுப்பு வீண் போகவில்லை. கெட்டில்தான் வரவில்லை.

கம்பெனி விஷயம். அமெரிக்காவில் ஏ.சி.சி.எம்.இ. 2020 டிசம்பரில் புதிய நெறிகளை வெளியிட்டது, 2022 ஜனவரியிலிருந்து நடைமுறை. அதன் சாரம் இதுதான்: கம்பெனி பணம் கொடுக்கலாம், ஆனால் என்ன பாடம், யார் பேசுவது, யார் வருவது எதிலும் அது கை வைக்கக் கூடாது. பாடத்தில் கை வைக்கிற இடத்தில் இருக்கிற ஒவ்வொருவரும், பேச்சாளரும் திட்டமிடுகிறவர்களும், கடந்த 24 மாதத்தில் எந்தெந்தக் கம்பெனியோடு பண உறவு இருந்தது என்று சொல்ல வேண்டும், பொருத்தமானதைக் கேட்கிறவர்களுக்கும் அறிவிக்க வேண்டும். விற்பனைப் பேச்சும் பாடமும் ஒரே மேடையில் கலக்கக் கூடாது.

அது அவர்கள் ஊர் விதி, நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நமக்கும் 2024 மார்ச்சில் மத்திய அரசின் மருந்துத் துறை, மருந்துக் கம்பெனிகளின் விற்பனை முறைகளுக்கு யு.சி.பி.எம்.பி. என்ற நெறித்தொகுப்பை வெளியிட்டிருக்கிறது. கம்பெனிகள் இத்தகைய கூட்டங்களை வெளிநாட்டில் வைக்கக் கூடாது, செலவைப் பற்றி வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதை ஒரு தடவை நிதானமாகப் படித்துவிட்டு அந்தக் கம்பெனிக்காரரைப் பாருங்கள். பேச்சாளரை எங்கள் குழு தேர்ந்தெடுக்கும், உங்கள் பெயரை ஆதரவாளர் என்று ஒரு ஸ்லைடில் போடுகிறோம், விருப்பமிருந்தால் வாருங்கள் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாதவருடைய பிரியாணி நமக்கு வேண்டாம், தயிர்சாதம் போட்டு வகுப்பு நடத்தலாம்.

அடுத்த தலைப்புக்கு என் யோசனை கடல் பாம்பு. இதில் உண்மையாகவே தெரியாமைதான் இடைஞ்சல். நம் பாலிவேலண்ட் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும்தான், கடல் பாம்புக்கு அது உதவாது. ஆனாலும் பாம்பு என்றதும் அதைத்தான் ஏற்றுகிறார்கள். கடித்த இடத்தில் வலியே இருக்காது, வலையிலிருந்து உதறிப் போட்டுவிட்டு மீனவர் வேலையைப் பார்ப்பார். சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தசை வலி, கழுத்து விறைப்பு, சிறுநீர் கறுத்துப் போவது என்று வருவார். அப்போது சிறுநீரகம் செயலிழப்பதும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவதும் பெரிய ஆபத்து, டயாலிசிஸ் வசதி இருக்கிற இடத்துக்குச் சீக்கிரம் அனுப்பத் தெரிய வேண்டும். இதற்கு வகுப்பு வேண்டும். ஒரு மணி நேரம் ஸ்லைடு ஓட்டாதீர்கள், கறுத்த சிறுநீரோடு வந்த ஒருவரின் கதையைக் கொடுத்து, இப்போது நீ என்ன செய்வாய் என்று கேளுங்கள்.


கீழக்கரை_சிஸ்டர்:

டாக்டர் சார் சொன்னதோடு ஒன்று. வகுப்பு முடிந்த அன்றைக்கே பரீட்சை வைத்துவிட்டு நிறுத்தாதீர்கள். இரண்டு மாதம் கழித்து கேஷுவாலிட்டி ரெஜிஸ்டரை எடுத்து, கடலில் அடிபட்டு வந்தவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு வெந்நீர் வைத்தார்கள் என்று நீங்களே எண்ணுங்கள். காசு செலவில்லாத ஆய்வு அது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, எண்ணிக்கை குறையும். ஆனால் நாட்டுப்படகு போகும், பாசி எடுக்கிற பெண்கள் தண்ணீரில் இறங்குவார்கள், பாறையில் காலைக் கிழித்துக்கொண்டு வருவார்கள், அவர்களையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தடை முடிந்து படகு இறங்கினதும் மறுபடி எண்ணுங்கள்.

அந்த நைட் சிஸ்டரையும் மாநாடு பார்க்கும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். உங்கள் திட்டக் குழுவில் ஒரு டாக்டர், நீங்கள், அப்புறம் அவர்.


மண்டபம்_முகாம்:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நிர்வாகத்திடம் டாக்டர் சார் சொன்னபடி பாயிண்ட் பற்றிப் பேசவே இல்லை. அந்த அண்ணன் பெஞ்சைப் பிடித்திருந்ததையும் சிஸ்டர் வாளி பற்றிச் சொன்னதையும் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மாநாட்டு நாளில் மாலை 6 மணிக்கு மேல் கான்ஃபரன்ஸ் அறையைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டார்கள். சிஸ்டரும் வருகிறார், டியூட்டி மாற்றி வாங்கியிருக்கிறார். கேட்க ஒரு கேள்வியை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறோம்: இரவு நேரத்தில், ஆளும் பொருளும் குறைவாக இருக்கிற சின்ன மருத்துவமனையில், வகுப்பில் படித்தது நடைமுறைக்கு வந்ததா என்று ஒருவர் மட்டும் இருந்து எப்படித் தொடர்ந்து பார்ப்பது? பாம்பன் தம்பி, அன்றைக்கு ஹாட்ஸ்பாட்டுக்கு இரண்டு போன் தயார்.

கம்பெனிக்காரரிடம் பேசினேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.

ஸ்டோருக்கு இன்டென்ட் போட்டதில் கெட்டிலுக்கும் தெர்மாமீட்டருக்கும் இன்னும் கையெழுத்து ஆகவில்லை. வாளி மட்டும் இன்று வந்துவிட்டது, நீல நிறம், முழங்கால் வரைக்கும் முக்கி வைக்கிற உயரம். சிஸ்டர் மார்க்கர் வாங்கி அதன் மேல் பெரிதாகக் "கடல் முள் - துடைக்க எடுக்காதே" என்று எழுதி, ஊசி ட்ராலிக்குக் கீழே வைத்திருக்கிறார். கெட்டில் வரும்வரைக்கும் என் வீட்டு ஃபிளாஸ்க்கில் சாயங்காலம் கேன்டீன் வெந்நீரைப் பிடித்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன்.